வாசித்துக் காட்டும்வரை இருங்கள்

அன்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பருக்கு,

"நம் மலை 2021-லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. லித்தியமோ டங்ஸ்டனோ, எங்கே தோண்டினால் நமக்கென்ன? கருத்துக்கேட்புக் கூட்டமெல்லாம் கண்துடைப்புதானே?" என்று எழுதியிருந்தீர்கள்.

கண்துடைப்பு என்பது பாதி உண்மை. சாமியானா பந்தல், மேடையில் கலெக்டர், பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, முன்வரிசையில் வேனில் வந்து இறங்கிய 'ஆதரவாளர்கள்'. தடிமனான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில். நமக்குத் தமிழில் சுருக்கம் மட்டும். ஓட்டெடுப்பு கிடையாது. ஊரே வேண்டாம் என்றாலும் திட்டம் நின்றுவிடாது. ஆனாலும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். கூட்டம் முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். "என் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கும்?" என்று ஒரு சம்சாரி கேட்டால் அந்தக் கேள்வியும் கம்பெனியின் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறியாக வேண்டும். நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவருக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய பலம்!

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அதையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதி, 2024 நவம்பரில் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போனது. கருத்துக்கேட்பு என்பது ஏலத்துக்குப் பிறகு வரும் கட்டம். மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம்வரை நடந்தே போனார்கள்; 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 8-ல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது: அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களின் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை. 2023 சட்டத் திருத்தம் பட்டியலிட்ட 24 கனிமங்களில் லித்தியமும் உண்டு, டங்ஸ்டனும் உண்டு. அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லி அப்போது தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நாட்டுக்கு பேட்டரி வேண்டும்தான் (என் வீட்டு வாசலிலும் ஒரு மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது). அதற்காக, கிணறு வற்றப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தேசப் பாதுகாப்பு கெட்டுவிடுமா?

புலிகள் காப்பகம் என்கிறீர்கள். அதன் எல்லை மலையோடு நின்றுவிடுகிறது. நம் கண்மாயும் தென்னந்தோப்பும் அடிவாரத்துக்குக் கீழே இருக்கின்றன. நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் உண்டு, கல்குவாரி உண்டு. பெரிய குவாரி என்றால் கூட்டம் போட்டாக வேண்டும் என்ற விதி அங்கே இன்னும் போகவில்லை.

ஆகவே அடுத்த அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்தால் கட்டாயம் போங்கள். மைக்கில் பேசக் கூச்சமென்றால் எழுதிக் கொடுங்கள்; அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அன்று பேசியதைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இருந்து, சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ராஜபாளையத்திலிருந்து