சிப்பியும் உருளைக்கிழங்கு வறுவலும்

பனியன் ஊரில் சிப்பி ஏது என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சொந்த ஊர் குளச்சல். பெற்றோர் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்தவர்கள். விடுமுறை முடிந்து பாட்டியோடு திரும்பியவள், பனிக்கட்டிப் பெட்டியில் 2 கிலோ சிப்பி கொண்டு வந்தாள். குமரிக் கடலோரப் பாறைகளில் ஒட்டி வளரும் இதை மூழ்கிச் சென்று பெயர்த்தெடுப்பார்கள். பெல்ஜியம் நாட்டினர் இதை உருளைக்கிழங்கு வறுவலோடு விரும்பி உண்பர். நாங்களும் செய்து பார்த்தோம். ஓட்டின் எடை போக, நால்வருக்கு அது சரியாக இருந்தது. ஆட்டுக்கறி வாங்கும் காசும் ஆகவில்லை.

ஓட்டைத் தேய்த்துக் கழுவி, நாரைப் பிடுங்க வேண்டும். வாய் திறந்த சிப்பியைத் தட்டினால் மூடிக்கொள்ளும். மூடாதது செத்தது. "ஒன்றிரண்டுதானே" என்றோம்; பாட்டி விடவில்லை, எறிந்துவிட்டார். சிப்பி நீரை வடிகட்டியே உண்பதால் நீரின் நஞ்சும் அதன் உடலில் சேரும். சாயக்கழிவு ஓடிய நம் நொய்யலில் மட்டி கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உருளைக்கிழங்கை விரல் நீளத்தில் அரிந்து, தண்ணீரில் அலசி, சுத்தமான வெள்ளைப் பனியன் துணியில் ஈரம் போகத் துடைத்தோம். (இது மட்டும் நம் ஊரில் பஞ்சமில்லை!) மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, நல்ல சூட்டில் மறுமுறை பொரித்தால் மொறுமொறுப்பு வரும்.

சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, கறிவேப்பிலை வதக்கிச் சிப்பியைப் போட்டு மூடினோம். தண்ணீர் ஊற்றவில்லை, அதுவே நீர் விடும். ஏழு நிமிடத்தில் வாய் திறந்தது. திறக்காததை ஒதுக்கினோம். உப்புப் போட்டதுதான் எங்கள் தவறு. கடலுப்பு உள்ளேயே இருக்கிறதே!

இரவு எட்டரைக்கு ஷிப்ட் முடிந்து வந்த தோழியின் அம்மா ஒன்றும் சொல்லாமல், ஓட்டையே கரண்டியாக்கிச் சாற்றை அள்ளிக் குடித்தார்.