நிமிராத கழுத்தும் இரண சிகிச்சையும்

வயது வந்தோரின் கழுத்து முன்னோக்கி வளைவதற்குக் காச நோய், காயம், எலும்புத் தேய்வு முதலிய பல காரணங்கள் உண்டு. ‘ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்னும் வாத நோயால் விளையும் கோணலை மட்டும் இங்கு ஆராய்வோம்.

இந்நோய் பெரும்பாலும் இளமையில், காலையில் மிகுந்தும் நடமாடினால் குறைந்தும் காணப்படும் முதுகுவலியாகத் தொடங்குகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின், சிலருக்கு முள்ளெலும்புகளின் இடையே எலும்பு வளர்ந்து, முதுகெலும்பு முழுவதும் ஒரே கோல் போல் இறுகிவிடுகிறது. முகவாய் மார்பை நெருங்குகிறது. எதிரே வருபவரின் முகம் தெரிவதில்லை, உண்பதும் கடினமாகிறது.

இடுப்பு மூட்டோ கீழ்முதுகோ வளைந்திருந்தாலும் பார்வை தாழும். ஆதலால் கோணல் எங்குள்ளது என்பதை மருத்துவர் முதலில் தெளிகிறார். பின்னர், நெற்றியையும் முகவாயையும் இணைக்கும் கோடு செங்குத்துக் கோட்டினின்று எவ்வளவு சாய்ந்துள்ளது என்று அளக்கிறார்.

7ஆவது கழுத்து முள்ளெலும்பும் முதல் மார்பு முள்ளெலும்பும் கூடுமிடமே பெரும்பாலும் வெட்டுவதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அங்கே தண்டுவடக் குழாய் சற்று அகன்றுள்ளது. மேலும், மூளைக்குச் செல்லும் முள்ளெலும்புத் தமனி பொதுவாக 6ஆவது எலும்பில்தான் துளைக்குள் நுழைகிறது; எனவே வெட்டுமிடத்தில் அது எலும்புக்குள் சிக்கியிராது. பின்புறத்தில் எலும்பை ஆப்பு வடிவில் நீக்கி, தலையை மெதுவாக நிமிர்த்தினால், பின்னுள்ள இடைவெளி மூடிக்கொள்கிறது.

அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் இத்தகைய சிகிச்சையை 1958இல் விவரித்தார். நோயாளியை உட்காரவைத்து, வெட்டுமிடத்தை மட்டும் மரக்கச் செய்து இது நடந்தது. நோயாளி விழித்திருந்ததால், கைகால்களை அசைக்கச் சொல்லித் தண்டுவடத்தின் நிலையை அறிய முடிந்தது. இக்காலத்தில் முழு மயக்கம் கொடுத்து, நரம்புகளின் மின் சமிக்ஞைகளைக் கருவியால் கண்காணித்து, திருகுகளும் கம்பிகளும் பொருத்தி எலும்பை நிலைநிறுத்துகின்றனர்.

கழுத்தை முற்றிலும் நிமிர்த்துவது நோக்கமன்று. அளவுக்கு மீறி நிமிர்த்தினால் நோயாளிக்குப் படிக்கட்டும் தன் பாதமும் தெரியா. ஆகவே பார்வை சிறிது தாழ்ந்திருக்குமாறே விடப்படுகிறது. கைவிரல்கள் வலுவிழத்தல், விழுங்குவதில் இடர், அரிதாகப் பக்கவாதம் ஆகிய அபாயங்களையும் நோயாளிக்கு முன்கூட்டியே விளக்குதல் வேண்டும்.

கள ஊழியர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. மருத்துவர் இத்தனை எச்சரிக்கையுடன் உண்டாக்கும் முறிவு, இந்நோயாளி வழுக்கி விழுந்தாலே தானாக நேரக்கூடும். விழுந்தபின் கழுத்தில் புதிய வலியோ, கைகால்களில் மரமரப்போ தோன்றினால் அதை எலும்பு முறிவென்றே கொள்க. தலை முன்னிலும் நிமிர்ந்திருப்பதாகக் கண்டு குடும்பத்தார் மகிழலாம். அதுவும் முறிவின் அறிகுறியே. தலையைத் தட்டையாகக் கிடத்தலாகாது. நோயாளியின் வழக்கமான வளைவு மாறாதபடி தலைக்கடியில் மடித்த துணிகளை வைத்து, அசையாமல் மருத்துவமனைக்கு அனுப்புக. சாதாரண எக்ஸ்ரேயில் முறிவு புலப்படாமற் போகலாம், ஆதலால் ‘சி.டி.’ படம் எடுப்பது அவசியம்.

காலையில் முதுகு இறுகுவதாகப் பல மாதங்கள் முறையிடும் மாணவனை ஆசிரியர் மருத்துவரிடம் அனுப்பினால், இச்சிகிச்சைக்கே தேவையில்லாமற் போகக்கூடும்.