வீட்டுச் சோப்பும் எண்ணெயின் சூடும்

திண்டுக்கல் சமவெளியில் தேங்காயும் வேப்பங்கொட்டையும் நம் அங்கத்தினர்களுக்குப் புதியன அல்ல. 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தது முதல், கிராமக் கைத்தொழில்கள் இவ்வட்டாரத்தில் ஊக்கம் பெற்றன. உண்ணத்தகாத எண்ணெய்களிலிருந்து சோப்புச் செய்வதையும் கதர் கிராமத் தொழில் கமிஷன் ஆதரித்து வந்துள்ளது. ஆயினும் இதை வீட்டில் செய்து பார்ப்போருக்கு முதல் நஷ்டம் அடுப்பிலேயே நேர்ந்துவிடக்கூடும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் அதை உருக்க அடுப்பில் வைத்துவிட்டு, வேறு வேலையில் கவனம் செலுத்துகிறோம். அதற்குள் எண்ணெய் காய்ந்துவிடுகிறது. அப்போது செய்ய வேண்டியது என்ன?

எண்ணெய் புகையாதிருந்தால் கெட்டுவிடவில்லை. பாத்திரத்தை இறக்கி, வெளிப்புறம் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது சுமார் 40 டிகிரிக்கு, வரும் வரை காத்திருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது. ஆற்றுவதற்காக எண்ணெயில் தண்ணீர் தெளித்தால் அது வெடித்துத் தெறிக்கும்.

காய்ந்த எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றுவது அதனினும் பெரும் அபாயம். எண்ணெயும் காரமும் சேரும்போது தாமாகவே வெப்பம் பிறக்கிறது. முன்பே இருக்கும் சூட்டுடன் அது கூடினால், கலவை பொங்கி வழிந்து கைகால்களைச் சுட்டுவிடும். சரிவரக் கலப்பதற்கு முன்பே கலவை திடீரென இறுகுவதும் உண்டு. அப்போது காரம் ஆங்காங்கே தங்கி, அச்சோப்பு தோலை அரிக்கும். கரைசல் மேலே பட்டால், உடனே ஏராளமான தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும்.

சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியில் புகையத் தொடங்கும். கண்ணைக் கரிக்கும் அப்புகை, எண்ணெய் சிதைவதன் அடையாளம். நெருப்பை அணைத்து, பாத்திரத்தை மூடி, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். தீப்பற்றினாலோ மூடியால் அமர்த்த வேண்டுமேயன்றி நீர் ஊற்றலாகாது. சிறிதளவே புகைந்த எண்ணெயைத் துணி துவைக்கும் சோப்புக்கு உபயோகிக்கலாம். குளியல் சோப்புக்கு அது ஏற்றதன்று. நிறம் மங்கும், காறல் நாற்றம் விரைவில் எழும். கருகிய எண்ணெயை விட்டுவிடுவதே நலம்.

இத்தனைக்கும் எளிய தடுப்பு ஒன்று உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தை நேரே நெருப்பில் வைக்காமல், வெந்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தினுள் வையுங்கள். நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. ஆகவே எண்ணெயும் புகையாது. வெயில் நாளில் முற்றத்தில் வைத்தாலே உருகிவிடும்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. தோலுக்கு இதமாயிருக்க 174 கிராம் போதும். அதை 350 கிராம் தண்ணீரில் சிறிது சிறிதாக இட்டுக் கரைக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். கரைசலும் சூடேறுமாதலால், அதுவும் எண்ணெயைப் போலவே ஆறிய பின்னரே இரண்டையும் சேர்க்க வேண்டும். வார்த்த கட்டிகளை நான்கு வாரம் காற்றாட வைத்து உபயோகியுங்கள்.

எண்ணெய், உழைத்துச் சேர்த்த பணம். அடுப்பருகே அரைமணி நேரம் கருத்தாயிருந்தால் பணமும் மிஞ்சும், கையும் புண்படாது.