தீர்ப்புக்கு முந்தைய அறை

அன்புள்ள அம்மிணிக்கு,

மின்சாரம், தொலைத்தொடர்பு, எரிவாயுக் குழாய், ஊடகம் என்று பொதுப்பயன்பாட்டுச் சட்டத்தில்தான் தொழில் செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பெருந்துறையில் உட்கார்ந்துகொண்டு அது நடக்குமா, டெல்லிக்குப் போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் டெல்லியில்தான் இருக்கிறது, மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அங்கேதான். ஆனால் அங்கே கட்டுக்கட்டாகப் போய்ச் சேரும் வழக்குகளின் முதல் காகிதம் இங்கே, சென்னிமலைத் தறிக்கூடத்திலும் காங்கேயம் பக்கத்துத் தென்னந்தோப்பிலும் சிப்காட் தொழிற்சாலையிலும்தான் பிறக்கிறது. அந்த முதல் காகிதத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைக்கிறேன்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் நிற்கும் உயர்மின் கோபுரங்களை எடுத்துக்கொள். கோபுரம் நடும் அதிகாரம் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து வருகிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, தந்திக் கம்பம் நடுவதற்கு வெள்ளைக்காரன் கொடுத்த அதிகாரத்தை மின்கடத்தி நிறுவனங்களுக்கும் கொடுக்க வழிசெய்தது. தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தையே நீக்க வந்தது. அப்போதும் மின்கோபுரங்களுக்காக மட்டும் அதன் மூன்றாம் பாகம் தொடரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தகவல்தொடர்புச் சட்டம், மின்சாரச் சட்டம் என்று நீ இரண்டு அலமாரியில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள் நம் ஊர் விவசாயியின் வயலில் ஒன்றாக நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படி.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை. அதையும் அதோடு இணைந்த கோபுரங்களையும் எதிர்த்து 2018 இறுதியில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வழித்தடத்தை நிறுத்த முடியாதா என்று அவர்கள் கேட்டபோது நேர்மையான வக்கீல் சொல்லவேண்டிய பதில் கசப்பானது. சென்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம், 164-ஆம் பிரிவு அதிகாரம் பெற்ற நிறுவனம் நில உரிமையாளரின் முன்சம்மதம் பெறவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. இதை மறைத்து, "தடை வாங்கித் தருகிறேன்" என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

சம்மதம் இல்லாமல் போனாலும் உரிமை முழுக்கப் போய்விடவில்லை. கூடியவரை குறைந்த சேதம் செய்யவேண்டும், செய்த சேதத்துக்கு முழு ஈடு கொடுக்கவேண்டும் என்று அதே 1885 சட்டம் சொல்கிறது. உரிமையாளர் தடுத்தால் விஷயம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். ஈடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் அந்த விசாரணை நடக்கும் அறையைத்தான் தீர்ப்புக்கு முந்தைய அறை என்கிறேன். நம் ஆட்கள் அங்கே வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீ போகும்போது புலப்படம், அடங்கல், தென்னை மரங்களின் எண்ணிக்கையும் வயதும், கிணறும் போர்வெல்லும் இருக்கும் இடம், சொட்டுநீர்க் குழாய் போன வழி, தேதியிட்ட புகைப்படம் எல்லாம் கையில் இருக்கட்டும். எழுத்தில் ஆட்சேபணை கொடு, ஒப்புகை வாங்கு. லிவிஷா வழக்கில் 2007-லேயே உச்சநீதிமன்றம், நிலம் எங்கே இருக்கிறது, கம்பி அதன் மேல் எவ்வளவு தூரம் போகிறது, சிறு துண்டின் மேல் போகிறதா நடுவே போகிறதா என்பதையெல்லாம் பார்த்தே ஈடு நிர்ணயிக்கவேண்டும் என்றது. மரம் வெட்டப்பட்ட பிறகு மரத்தை எண்ண முடியாது.

கணக்குப் போடக் கற்றுக்கொள். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் ஒதுக்குவது வழக்கம். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். பாதை நடுவே போனால் முக்கால்வாசி அகலம் கம்பிக்குக் கீழே வந்துவிடுகிறது. அந்தப் பட்டையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, வங்கி அடமானத்துக்கும் தயங்கும். அதற்கு மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபர் வழிகாட்டுதலில் சொன்னது நில மதிப்பில் அதிகபட்சம் 15 சதவீதம். கோபுரம் நிற்கும் இடத்துக்கு 85 சதவீதம். 2024 ஜூனில் அது 30, 200 என்று உயர்ந்தது. உயர்ந்ததற்கு விவசாயிகள் விடாமல் கேட்டதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஆனால் இது வழிகாட்டுதல்தான், மாநில அரசு ஏற்கவேண்டும், மதிப்பு எதை வைத்து என்ற சண்டையும் இருக்கிறது. இந்த எண்களை ஒரே தாளில் போட்டு ஆட்சியர் மேஜையில் வை. சட்ட மேற்கோள் பத்துப் பக்கத்தைவிட அந்த ஒரு தாளைத்தான் அவர் படிப்பார்.

கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விவகாரத்தை நீ பள்ளியில் படித்த காலத்தில் கேள்விப்பட்டிருப்பாய். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு, கோவை, திருப்பூர், ஈரோடு தொடங்கி கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியே. 2013-ல் மாநில அரசே விவசாயிகள் பக்கம் நின்று, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று உத்தரவிட்டது. உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஒரு முதலமைச்சரின் உத்தரவே நிற்கவில்லை. ஏனென்றால் 1962 பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் அதிகாரத்தை மத்திய அரசிடம் வைத்திருக்கிறது. நிலம் உன் பெயரில்தான் இருக்கும், ஆனால் குழாய்க்கு மேல் கட்டடமோ கிணறோ மரமோ கூடாது, பயன்பாட்டு உரிமைக்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம். இதற்கு ஆட்சேபணை சொல்ல அறிவிக்கை வந்த நாளிலிருந்து 21 நாள். இருபத்தோரு நாளில் ஒரு கூட்டுக்குடும்பம் பங்காளிகளைக் கூட்டிப் பேசி முடிப்பதே அபூர்வம். அதனால் அரசிதழும் நாளிதழின் அறிவிப்புப் பக்கமும் உன் காலை வாசிப்பில் இருக்கட்டும். கட்சிக்காரர் உன்னைத் தேடி வரும்போது பெரும்பாலும் நாள் முடிந்திருக்கும். நீதான் தேடிப் போகவேண்டியிருக்கும்.

தறிக்காரர்களின் வழக்கு வேறு மாதிரி. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் வேறு வேலை நடந்தது என்று ஆய்வுக்கு வந்தவர்கள் எழுதிவிட்டால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின் கீழ் மதிப்பீடு வரும். எவ்வளவு காலம் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, இரட்டைக் கட்டணத்தில். பயந்துபோன குடும்பம் உடனே முன்சீப் கோர்ட்டில் தடை கேட்கச் சொல்லும். அதற்கு இசையாதே, 145-ஆம் பிரிவு சிவில் நீதிமன்றத்தின் கதவை மூடியிருக்கிறது. அங்கே வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும்போது, இறுதி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கிடைத்த 30 நாள் கரைந்துவிடும். அதுவும் பாதித் தொகையைக் கட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் தற்காலிக மதிப்பீடு வந்த வாரமே பதில் கொடு. தறிக்கூடத்துக்கு நேரில் போ, மீட்டரைப் பார், ஒப்பந்த மின்சுமையைப் பார், எந்த மோட்டார் எந்த இணைப்பில் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்து எழுதி வாங்கு. லைன்மேனுக்குத் தெரிந்தது வக்கீலுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

கட்டண உத்தரவுகளையும் வாசி. அலுப்பான வாசிப்பு என்று ஒதுக்காதே. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு கட்டியெழுப்பிய இயக்கம் அந்த இரத்தத்தின் மேல் வளர்ந்தது. அன்று அவர்களுக்குப் பேச ஒரு மேடை சட்டத்தில் இல்லை, தெருதான் இருந்தது. இன்று மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்டபிறகே ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை முடிவுசெய்யவேண்டும் என்கிறது. 2022 ஆகஸ்டில் ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்டது. செப்டம்பரில் உத்தரவு வந்தது. சிறுதொழில்காரர்கள் அடுத்த ஆண்டு நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துக் கதவடைப்பு செய்தார்கள். கதவடைப்புக்குக் கொடுத்த உழைப்பில் கால்வாசியை முன்கூட்டியே எழுத்து ஆட்சேபணைக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். நிலைக்கட்டணம் ஒரு பத்துக் குதிரைத்திறன் பட்டறையை எப்படி அடிக்கிறது என்று, கடந்த ஆண்டு பில்களோடு ஒரு மனு போய்ச் சேர்ந்தால் ஆணையம் அதற்குப் பதில் எழுதியாகவேண்டும். பதில் சரியில்லை என்றால் அதுவே உன் மேல்முறையீட்டின் முதல் காரணம். மனுவைத் தமிழில் சுருக்கி, தறிச் சங்கத்தில் படித்துக் காட்டு.

ஊடகச் சட்டத்தில் உனக்கு ஆர்வம் அதிகம் என்று தெரியும். காவிரிக்கு அக்கரையில் திருச்செங்கோட்டிலிருந்து ஆரம்பி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். அந்த ஊரில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. எழுத்தாளர் அங்கே கையெழுத்துப் போட்டார், பிறகு எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு, அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. தீர்ப்பைக் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஆனால் ஒன்றரை ஆண்டு ஒரு எழுத்தாளன் ஊமையாக இருந்தான். அவன் குரல் போனது ஒரு அலுவலக அறையில். இதுபோன்ற அறைக்கு நாளை உள்ளூர் நிருபரையோ யூட்யூப் சேனல் நடத்தும் பையனையோ கூப்பிடுவார்கள். நீ கூடவே போ. கூட்டம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நடக்கிறது என்று கேள். பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம் என்று சொல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015-ல் செல்லாது என்றது. அதன்பிறகும் அதில் வழக்குகள் ஓடிக்கொண்டிருந்ததால் 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு டெல்லியிலிருந்து காவல்நிலைய மேஜைக்கு ஏழு ஆண்டிலும் முழுதாக வந்துசேரவில்லை. அதன் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊரில் ஒரு வக்கீல் வேண்டும்.

செல்போன் வழக்குகளையும் சின்னது என்று தள்ளாதே. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி நுகர்வோர் மன்றங்கள் ஆண்டுக்கணக்கில் புகார்களைத் திருப்பி அனுப்பின. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில்தான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் இன்று நீ தைரியமாகத் தாக்கல் செய்யலாம்.

இனி டெல்லி. போ, இரண்டு ஆண்டு இருந்து பழகு. கட்டண வழக்கை அங்கே எப்படி வாதிடுகிறார்கள், பொறியாளர்களின் சாட்சியத்தை எப்படிக் குறுக்கு விசாரிக்கிறார்கள் என்று பார்த்து வா. கம்பெனிகள் கூப்பிட்டாலும் போகலாம், அதில் தவறில்லை. நிலத்துக்காரன் எதிரே நிற்கும் வழக்கில் நிற்பாயா மாட்டாயா என்பதை மட்டும் கூப்பிடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள். அந்தத் தீர்ப்பாயங்களில் காணொளி விசாரணை வந்துவிட்டது, மனுவும் இணையவழியில் தாக்கல் செய்யலாம். பவானி ரோட்டில் ஒரு அறை எடுத்தாலும் அங்கே வாதாட முடியும். புலப்படத்தை மட்டும் டெல்லியிலிருந்து வாசிக்க முடியாது. கிளம்புவதற்குள் நம் தாலுகா வழியாகப் போகும் மின்பாதைகளின் 164-ஆம் பிரிவு உத்தரவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வை. மனு மாதிரி என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மூத்த வக்கீல்