ஜெனரேட்டர் மாற்றுமுன் ஆம்பியரைப் பாருங்கள்

"பழைய ஜெனரேட்டர் இனித் தேறாது, அதே கே.வி.ஏ.ல புதுசுக்கு மூணு கொட்டேஷன் வாங்கிடுப்பா" என்று முதலாளி ஒரு நாள் சொல்வார். திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவருக்கு எப்படியும் வந்து சேரும் வேலை இது. "சரிங்க" என்று சொன்ன கையோடு டீலருக்குப் போன் போடாதீர்கள். பணம் வீணாவது அந்த "அதே கே.வி.ஏ."யில்தான்.

உங்கள் ஷெட்டில் நிற்கும் செட் எந்தக் காலத்தில் வாங்கியது என்று பாருங்கள். 2008 நவம்பரில் தொழிற்சாலைகளுக்கு மின் கட்டுப்பாடு வந்தது. 2015 ஜூனில்தான் முழுதாக விலகியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்டரைக் கப்பலேற்ற டீசலை நம்பித்தான் ஓட வேண்டியிருந்தது. அதனால் யாரும் கணக்குப் பார்க்காமல் பெரியதாகவே வாங்கினார்கள். அன்று அது சரி. அப்போது பவர் டேபிளில் க்ளட்ச் மோட்டார். தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓவர்லாக், பேட்லாக் எல்லாவற்றிலும் சர்வோ மோட்டார். பெடலை மிதித்தால்தான் கரன்ட் இழுக்கும். ட்யூப் லைட் போய் எல்.இ.டி. வந்தாயிற்று. அன்றைய லோடு இன்று இல்லை.

அதனால் முதல் வேலை க்ளாம்ப் மீட்டர். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில், ஜெனரேட்டர் லைனின் மூன்று ஃபேஸிலும் தனித்தனியே ஆம்பியர் எடுங்கள். 415 வோல்ட் லைனில் ஆம்பியரை 0.72-ஆல் பெருக்கினால் கே.வி.ஏ. கிடைக்கும். ஃபேஸுக்கு 40 ஆம்பியர் என்றால் சுமார் 29 கே.வி.ஏ. உங்களுடையது 125 கே.வி.ஏ. செட்டாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு லோடுகூட இல்லை. மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபட்டால், புது செட் வருவதற்கு முன்பே லைட், ஃபேன் லோடை மாற்றிப் பிரித்துக் கட்டிவிடுங்கள்.

பெரிய செட் இருந்தால் என்ன கெடுதல் என்று முதலாளி கேட்பார். டீசல் எஞ்சின் 30 சதவீத லோடுக்குக் கீழே தொடர்ந்து ஓடினால் உள்ளே போதிய சூடு ஏறாது. எரியாத டீசலும் ஆயிலும் சேர்ந்து சைலன்சர் வாயில் கரிய பிசினாக வழியும். இன்ஜெக்டர் நுனியில் கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளப்பேறி ஆயில் குடிக்கும். உங்கள் பழைய செட்டின் புகைக்குழாய் இணைப்பில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கறுப்பாக ஒட்டினால், அந்த எஞ்சின் வயதால் மட்டும் கெட்டதில்லை.

சிறியதாக எடுப்பதற்கும் எல்லை உண்டு. அதைச் சொல்வது கம்ப்ரசர். 15 எச்.பி. மோட்டார் ஓடும்போது 20 ஆம்பியர் அளவில் எடுக்கும். ஸ்டார்-டெல்டாவில் கிளம்பும் சில விநாடிகள் இரண்டு மூன்று மடங்கு கேட்கும், நேரடி ஸ்டார்ட்டர் என்றால் ஆறு ஏழு மடங்கு. மேலே சொன்ன 40 ஆம்பியரோடு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டையும் கூட்டினால் 90-ஐத் தொடும். 62.5 கே.வி.ஏ. செட்டின் முழு அளவு 87 ஆம்பியர். அந்தச் சில விநாடிகளைச் சமாளித்துவிடும். நேரடி ஸ்டார்ட்டருக்காக 125 வாங்குவதைவிட, ஸ்டார்ட்டரை மாற்றிவிட்டு 62.5 வாங்குவது மலிவு.

டையிங் யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி நடுவழியில் நின்றால் ஷேட் கெடும், லாட்டே போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓட முடியும் என்றாகிவிட்டது. ஆர்.ஓ. பம்பு லோடும் அதோடு சேரும். அங்கே ஒரு பெரிய செட்டைவிட, சேர்ந்தும் தனித்தும் ஓடக்கூடிய இரண்டு நடுத்தர செட்டுகள்தான் என் தேர்வு. ஒன்று படுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் லாட்டை முடிக்கலாம்.

இனிப் புகை விதி. 2023 ஜூலை முதல் 800 கிலோவாட் வரையிலான புது ஜெனரேட்டர் எஞ்சின்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நான்கு பிளஸ் விதி. 19 முதல் 56 கிலோவாட் வரை புகைத்துகள் வரம்பு ஒரு கிலோவாட் மணிக்கு 0.3 கிராமிலிருந்து 0.03 கிராமாக இறங்கியிருக்கிறது. 56 கிலோவாட்டைத் தாண்டினால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பும் மிகக் கடுமை; பெரும்பாலும் யூரியா கரைசல் ஊற்றி ஓட்டும் அமைப்பு வரும். 62.5 கே.வி.ஏ. இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எஞ்சின் கோட்டுக்கு எந்தப் பக்கம், யூரியா வேண்டுமா வேண்டாமா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். புகையைச் சுத்தம் செய்யும் இந்தக் கருவிகளும் சூட்டை நம்பியவை; குறைந்த லோடில் ஓட்டினால் இவைதான் முதலில் மக்கர் செய்யும். எல்லாம் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு என்பதால் பழைய பட்டறை மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து பயனில்லை. விலையில் சில ஆயிரம் குறைப்பவரைவிட, திருப்பூரிலோ கோவையிலோ ஆளும் பார்ட்ஸும் வைத்திருப்பவரே மேல்.

"எஞ்சினை மட்டும் மாத்திக்கலாங்க, ஆல்டர்நேட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர் வருவார். அதற்கு ஃப்ளைவீல் ஹவுசிங் அளவு பொருந்த வேண்டும், கப்ளிங் அதிர்வு ஒத்துப்போக வேண்டும், கூண்டுக்குள் காற்றோட்டம் புது ரேடியேட்டருக்குப் போதவேண்டும். புகை, சத்தம் இரண்டுக்குமான சான்றும் குறிப்பிட்ட எஞ்சின் மாடலுக்குத்தான். ஒரே கம்பெனியின் அதே மாடல் என்றால் யோசிக்கலாம், மற்றபடி வேண்டாம். பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருந்து, மாதம் சில மணி நேரம்தான் ஓடுகிறதென்றால், ஓவர்ஹாலே போதும் என்று துணிந்து சொல்லுங்கள்.

கூரையில் சோலார் இருந்தால் அதையும் டீலரிடம் சொல்லிவிட வேண்டும். மின்வாரிய கரன்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டினால் பகலில் சோலார் லோடை எடுத்துக்கொண்டு எஞ்சினை மறுபடி 30 சதவீதத்துக்குக் கீழே தள்ளும். அதைத் தடுக்கத் தனி கன்ட்ரோலர் தேவை.

முதலாளியிடம் ஒரே ஒரு தாளோடு போங்கள். அதிகபட்ச ஆம்பியர், கம்ப்ரசர் கிளம்பும் ஆம்பியர், லாக் புக்கில் உள்ள மாத ஓட்டம், ஒரு யூனிட்டுக்கு டீசல் செலவு. நல்ல லோடில் லிட்டருக்கு மூன்று முதல் மூன்றரை யூனிட் வரும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 26 முதல் 31 ரூபாய். உங்கள் செட் லிட்டருக்கு எத்தனை யூனிட் தருகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்கும் அடுத்த கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

செட் நிற்கும் இடத்தில் மூன்றைப் பாருங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. புகைக்குழாய், கட்டட உயரத்துக்கு மேல் கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிய அளவு மீட்டர் நிற்க வேண்டும், 62.5-க்கு ஏறக்குறைய 1.6 மீட்டர். மூன்றாவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: மின்வாரிய லைனும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேராதபடி இன்டர்லாக் உள்ள சேஞ்ச்ஓவர். அது சரியில்லையென்றால் உங்கள் ஜெனரேட்டர் கரன்ட் வெளியே ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகும்.

ஒப்படைக்கும் நாளில் சும்மா ஓட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள். தையல் ஹால் முழுவதும் ஓடும்போது கம்ப்ரசரைக் கிளப்பச் சொல்லி, வோல்ட் மீட்டரையும் ஹெர்ட்ஸ் மீட்டரையும் பாருங்கள். இறங்கி உடனே 415-க்கும் 50-க்கும் திரும்ப வேண்டும். சர்வோ பேனலில் எரர் காட்டினால் கையெழுத்துப் போடாமல், கவர்னரையும் ஏ.வி.ஆரையும் சரிசெய்து மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.