நக்கவாரத்து மிதிவண்டி வீராங்கனை



இவ்வாண்டு மலருக்கு ஆகுபெயர் பற்றி இலக்கணக் கட்டுரை ஒன்று எழுதித் தருவதாக விழாக் குழுவினரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்துவிட்டு, இப்போது மிதிவண்டியைப் பற்றி எழுதுகிறேன். காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

முதலில் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் கியாக்தானில் விரலை வைத்துத் தென்மேற்காகக் கடலில் இறங்கினால், அந்தமான் தீவுகளைக் கடந்து நிக்கோபார் தீவுக்கூட்டம் வரும். நேர்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இராசேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தி அத்தீவுகளை மாநக்கவாரம் என்று குறிப்பிடுகிறது. அதே மெய்க்கீர்த்தியில் வரும் மாபப்பாளம் என்னும் ஊர் கீழ்ப் பர்மாவின் கரையில் இருந்தது என்பது அறிஞர் சிலரின் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் கரையும் அத்தீவும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பதை நினைவிற்கொள்க.

அந்த நக்கவாரத்தில், கார் நிக்கோபார் தீவில், 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் பிறந்தவர் டெபோரா ஹெரால்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கி ஆழிப்பேரலை எழுந்தபோது அவருக்கு வயது ஒன்பது. ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, இலையையும் பட்டையையும் தின்று பல நாட்கள் உயிர் பிழைத்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதே நாளில் கட்சால் தீவும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தீவு அது. இருமுறை வேரோடு பெயர்ந்தவர்கள் அவர்கள். 2008 மே 2, 3 ஆகிய நாட்களில் நர்கீஸ் புயலைக் கண்ட நம் பெற்றோர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அச்சிறுமியே பின்னாளில் மிதிவண்டிப் பந்தய வீராங்கனையானார். 2014இல் டிராக் ஆசியக் கோப்பைப் போட்டியில் பதக்கம் வென்று வெளியுலகுக்கு அறிமுகமானார். 2015 அக்டோபரில் தைவானில் நடந்த பன்னாட்டுப் போட்டிகளில் ஐந்து பதக்கங்கள் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் 500 மீட்டர் தனிநேரப் பந்தயத்திற்கான உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தில் அவர் பெயர் இருந்தது. அப்போது வயது இருபது. உலகச் சாம்பியன் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பும் அவருடையதாயிற்று. 2017இல் டில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் அலீனா ரெஜியுடன் இணைந்து வெண்கலம் வென்றார். 2018 காமன்வெல்த் போட்டியிலும் பங்கேற்றார்.

இப்பந்தயத்தின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். மரப்பலகை பாவிய நீள்வட்டத் தளம். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் தளம் 40 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். திருவிழாவில் மரணக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் எளிதில் புரியும்: வேகமாக வளைகின்ற வண்டி வெளிப்புறமாக வழுக்கிவிடாதபடி, சாய்ந்த தளமே அதனை உள்நோக்கித் தாங்குகிறது. வேகம் குறைந்தாலோ கீழே சறுக்க நேரிடும். வண்டியில் பிரேக் கிடையாது. ஃபிரீவீலும் இல்லை; சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேயிருக்கும். காலை ஓய்த்து வைத்துக்கொண்டு இறக்கத்தில் உருண்டுவருகின்ற நம் வழக்கம் அங்கே செல்லாது. தனிநேரப் பந்தயத்தில் முந்திச் செல்ல எதிராளி எவரும் தளத்தில் முன்னே போவதில்லை. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு இரண்டே சுற்றுகள். கடிகாரம் மட்டுமே எதிரி.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. 500 மீட்டர் தனிநேரப் பந்தயம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே டெபோரா உலகில் நான்காமவராக விளங்கிய அதே பந்தயத்திற்கு 2016 ரியோவில் இடமே இல்லை. மேலும் அது பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 1000 மீட்டர் என்றே நெடுங்காலம் வகுக்கப்பட்டிருந்தது. 2025 முதல்தான் பெண்களுக்கும் ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. பெண்ணுக்குப் பாதித் தூரம் போதும் என்று முடிவு செய்தவர்கள் யாரோ, எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

ஒப்பு நோக்குவதற்காக ஸ்காட்லாந்து நாட்டு வீராங்கனை கேட்டி ஆர்ச்சிபால்டைக் குறிப்பிடலாம். கிளாஸ்கோ நகரை அடுத்த மில்கை என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். அந்நாட்டு ஊர்த் திருவிழா விளையாட்டுகளில் புல்தரையில் வண்டியோட்டியே தொடங்கினார். 2016 ரியோவிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 2024இல் தோட்டத்துப் படியில் இடறிக் கால் முறிந்ததால் பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார். அவருடைய ஊருக்கு அருகிலேயே கிளாஸ்கோவில் 2012இல் பலகைத் தளம் திறக்கப்பட்டது. நக்கவாரத்துப் பெண்ணோ டில்லியின் பலகைத் தளத்தை அடைய 2,500 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டியிருந்தது. பின்னர் 2018இல் அதே தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் என்னும் இளைஞர் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்.

பந்தயம் எல்லார்க்கும் உரியதன்று. வண்டி எல்லார்க்கும் உரியது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்தார். வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போரும் உட்பட ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். பெண்களுக்குரிய வண்டிகள் கிடைக்காமற்போகவே ஆண்களுக்குரியவற்றையே வாங்கினர். குறுக்குப் பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாமே என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு!

இனி என் கதை. என் சொந்த ஊரில் நான் பள்ளி ஆசிரியனாயிருந்த காலத்தில், தங்கை மிதிவண்டி கற்றுக்கொள்ள விரும்பினாள். ஆசிரியர் வீட்டுப் பெண் தெருவில் வண்டி ஓட்டுவதா என்று நானே தடுத்தேன். அவளோ என் வண்டியை எடுத்து, நான் வகுப்பில் இருந்த வேளைகளில் பழகியிருக்கிறாள். சண்டை மூண்டு ஊர் காலியான இரவில், நடக்க இயலாத எங்கள் அன்னையைக் கேரியரில் அமர்த்தி, துணியால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு, பதினோரு மைல் ஓட்டிவந்தவள் அவளே. புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்து வந்தேன். அவளிடம் அது குறித்து நான் இன்னும் ஒரு சொல்லும் பேசியதில்லை. இம்மலரை அவளும் வாசிப்பாள் என நம்புகிறேன்.

நம் பள்ளியில் சென்ற மழைக்காலம் வரை நான்காம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். உச்சரிப்பில் லகர, ழகர, ளகர வேறுபாட்டைப் பிழையின்றி ஒலிப்பவள். பன்னிரண்டு வயது நிறைந்ததும் வருகை நின்றுவிட்டது. வீடு தொலைவு, மாலையில் இருட்டிவிடுகிறது என்றார் தந்தையார். அவர் கூறியது உண்மையே. அச்சாலையில் விளக்குகள் குறைவு. ஆயினும் அவ்வீட்டுத் திண்ணையில் அவளுடைய தம்பிக்கு வாங்கிய மிதிவண்டி சாத்தியிருக்கக் கண்டேன். தம்பி அதில் வகுப்புக்குத் தவறாமல் வருகிறான். ஐயா, அவ்வண்டியை வார இறுதியில் அக்காளிடம் கொடுத்து, தம்பியைப் பின்னால் அமர்த்தி அனுப்பினால் இருவரும் சேர்ந்தே வந்து சேர்வார்கள். இருட்டுமுன் வகுப்பை முடிக்க அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அவரும் இசைந்துள்ளார்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. 500 மீட்டரை 35 நொடியில் கடந்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்? கணக்கிட்டு எழுதுக. பின்னர், வண்டி நடமாட்டம் இல்லாத காலை வேளையில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, 100 மீட்டர் அளந்து ஐந்து முறை ஓட்டி உங்கள் நேரத்தையும் குறித்து வருக. பெண்பிள்ளைகளும் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டில் வண்டி இல்லாதவர்கள் வாசலில் நிற்கும் என்னுடையதை எடுத்துக்கொள்ளலாம். பின் பிரேக் சற்றுத் தளர்ந்திருக்கிறது, பார்த்து ஓட்டுக.