குளம்பொலி பிறகு வரட்டும்

திருவள்ளூர்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தையின் ஆசிகள். உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, ராஜா ராணி கதைகளை ஒலிப்புத்தகமாகப் போடப் போகிறாயாம். பன்னிரண்டு குரல், பின்னணி இசை, புலி உறுமல், இடி, மழை. செய்யாதே என்று அத்தை சொல்ல மாட்டாள். முடிவு உன்னுடையது. உன் சித்தப்பா லாரி வாங்கினபோதும் இந்த வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும்.

கேட்க ஆள் இருக்காதோ என்ற பயம் மட்டும் வேண்டாம். தமிழர்கள் காதால் கதை பார்க்கிறவர்கள். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் கதைவசன இசைத்தட்டு திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில் ஓடியது. படத்தையே பார்க்காத பிள்ளைகள்கூடத் தருமியின் புலம்பலை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கும். 1984இல் ‘விதி’ வந்தது. அதன் கோர்ட் காட்சி கேசட்டைக் கேட்க டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. வானொலியில் ஒலிச்சித்திரம் வரும் நேரத்தில் உன் தாத்தாவிடம் யாரும் பேச முடியாது. இதிலெல்லாம் ஜனங்களைக் கட்டிப் போட்டது எழுதின வசனமும் அதைச் சொன்ன வாயும்தான். இடியும் மழையும் இல்லை.

பாம்பே கண்ணனை உதாரணம் காட்டுகிறாயாம். காட்ட வேண்டிய ஆள்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் பாத்திரத்துக்கு ஒரு குரல், இசை, ஓசை என்று முழுசாக ஒலிப்புத்தகமாக்கியவர். ‘சிவகாமியின் சபதம்’ உட்பட வேறு சரித்திர நாவல்களையும் அப்படியே கொண்டுவந்தார். ஆனால் அவர் மேடை நாடகத்தில் ஊறியவர். யாரிடம் எந்தக் குரல் இருக்கிறது, யார் மூச்சு எந்த வரியில் முட்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். அவர் எடுத்தது, வாசலில் குதிரை வந்து நின்றால் சத்தம் வேண்டிய சரித்திர நாவல். நீ எடுத்திருப்பது ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த கதை. ஏழாவது கடலின் சத்தத்தை எங்கே போய்ப் பதிவாய்? காசிமேட்டிலா?

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. நாடகத்துக்குக் குரல் கொடுக்க அத்தை அங்கே போய்வந்த காலத்தில் ஓசை எல்லாம் கையால்தான். கொட்டாங்கச்சி இரண்டை மணல் தட்டில் தட்டினால் குதிரை மண்பாதையில் போகும். பலகையில் தட்டினால் கோட்டைக்குள் நுழையும். மெல்லிய தகரத்தைத் தொங்கவிட்டு உலுக்கினால் இடி. செல்லோஃபேன் தாளை மைக்குக்குப் பக்கத்தில் கசக்கினால் அடுப்பு எரியும். நாடகத் தாள்களைப் பின் அடிக்கவே கூடாது. படித்து முடித்த தாளைச் சலசலக்காமல் துணி விரித்த மேஜையில் நழுவவிட வேண்டும். அந்தச் சலசலப்பு வந்துவிட்டால் அழுதுகொண்டிருக்கும் ராணி சட்டென்று தாள் படிக்கும் பெண்ணாகிவிடுவாள். இவ்வளவு வசதி இருந்தும் அங்கே ஓசை பெருங்காயம்தான், இருக்கிறதென்று தெரிய வேண்டும், வாயில் அகப்படக் கூடாது. சிறுவர் நிகழ்ச்சியில் ‘வானொலி அண்ணா’ என்று பெயர் வாங்கிய கூத்தபிரானைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பார். எவர் நினைவிலும் நிற்பது அந்தக் குரல்தான்.

இப்போது ஓசை விலைக்குக் கிடைக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதில்தான் வம்பு. பிபிசி தன் கிடங்கிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓசைகளைத் திறந்து வைத்திருக்கிறது. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் காசு வேண்டாம், விற்கிற சரக்கில் சேர்த்தால் உரிமம் வாங்க வேண்டும். பார்சிலோனா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஓசைக்கும் ஒவ்வொரு நிபந்தனை. எதையாவது எடுத்து ஒட்டுமுன் அந்தச் சின்ன எழுத்தைப் படி. படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் குடும்பத்துக்குப் புதிதில்லை.

கதைக்கும் அதே எச்சரிக்கைதான். கல்கியின் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கியதால் யாரும் தொடலாம். கி. ராஜநாராயணன் எழுதிய நாட்டுப்புறக் கதைகளை அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாது. அவர் மறைந்தது 2021 மே மாதம்; சட்டப்படி அவர் எழுத்தின் உரிமை 2081 முடியும்வரை உண்டு. உரிமைத் தொல்லை வேண்டாமென்றால், 1906இல் மறைந்த பண்டித நடேச சாஸ்திரி தொகுத்த கதைகள் இருக்கின்றன. ரத்தின நாயகர் கடை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களில் மதனகாமராஜனும் விக்கிரமாதித்தனும் இருக்கிறார்கள். கதை பழசு, அதை யார் வேண்டுமானாலும் தன் வாய்மொழியில் சொல்லலாம். குழந்தைக்குச் சொல்லக் கூடாத இடங்கள் மதனகாமராஜனில் ஏராளம், அதை மட்டும் பார்த்து எடு.

அதைவிடப் பழசு ஒன்று இந்த வீட்டிலேயே இருந்தது. பாட்டி சொன்ன கதைகளை அத்தை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் பாட்டிதான். நடுவில் வெற்றிலை இடிக்கிற சத்தம், ‘உம் கொட்டுடீ’ என்று அதட்டுகிற சத்தம். உன் அப்பா அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிந்தார். கேட்டால், ‘லேபிள் ஒட்டவில்லையே’ என்றார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். வங்காளத்தில் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் என்று ஒருவர் மைமன்சிங் பக்கத்துக் கிராமங்களில் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிழவிகள் பின்னால் அலைந்தார். 1907இல் அதிலிருந்து ‘தாகுர்மார் ஜுலி’ வந்தது, தாகூரே முன்னுரை எழுதினார். வங்காளக் குழந்தைகள் இன்னும் அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் தூங்குகின்றன. மெழுகு உருளை காலத்தில் அந்த மனுஷன் செய்ததை, டேப் ரிக்கார்டர் வந்த பிறகு நம் வீட்டில் ஒருவர் அழித்தார். சரி, அதை விடு.

விட முடியவில்லை. அதனால்தான் அத்தை சொல்கிறாள். ராஜாவுக்கு ஒருத்தர், கிளிக்கு ஒருத்தர் என்று தேடுமுன், ‘ஒரு ஊர்ல’ என்று ஆரம்பிக்க ஒரே ஒரு கதைசொல்லியைத் தேடு. உன் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பாட்டிகள் உன் தெருவில் இல்லையா? திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்தாடுகிறவரின் தொண்டை, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும். உன் ஊர் அகதி முகாமில், இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருப்பார்கள். கம்ப்யூட்டரே பாட்டிக் குரலில் பேசும் என்று உன் சிநேகிதன் சொன்னானாமே. அதட்டுமா என்று கேள்.

பதிவைப் பற்றியும் யோசி. உன் அறைக்கு ஒரு பக்கம் சூளூர்ப்பேட்டை மின்சார ரயில், மறுபக்கம் ஜி.என்.டி. ரோடு கன்டெய்னர் லாரி, ராத்திரி பூராவும் இரும்பு உருக்குகிற ஆலையின் முனகல். அமெரிக்க ஒலிப்புத்தகத் தளமான ஏ.சி.எக்ஸ். ஒரு அளவு வைத்திருக்கிறது: யாரும் பேசாதபோது அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீ அங்கே விற்காவிட்டாலும் அளவு நல்ல அளவு. பணத்தை ஸ்டுடியோவில் கொட்டாமல் இங்கே வா. பின்கட்டு அறையில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினால் போதும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடு. ‘ப’ வரும் இடத்தில் காற்று மோதாமல் இருக்க, எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணியைக் கட்டி நடுவே வை. யாரும் பேசாத அறையை மட்டும் ஒரு நிமிஷம் பதிந்து வைத்துக்கொள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் அதைத்தான் போட வேண்டும்.

ஆக உனக்கு இரண்டு வழி. வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, பன்னிரண்டு பேரைக் கூட்டி, ஒரு வருஷத்தில் நரைத்துப் போவது ஒன்று. வேலையில் இருந்துகொண்டே வார விடுமுறையில் ஒரு கிழவி, மூன்று குரல், ஒரு கொட்டாங்கச்சி ஜோடி என்று ஒரே ஒரு கதையை முடித்து, நாலு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுவது இன்னொன்று. எது என்று நீயே தீர்மானம் செய். அத்தை எதையும் திணிக்கவில்லை.

இவ்வளவு எழுதினதைப் பார்த்து முகம் சுண்டிவிடாதே கண்ணா. நம் வீட்டில் இந்த ஆசை வந்தது உனக்குத்தான், அதற்கே அத்தைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பன்னிரண்டு குரலே வேண்டும் என்றால் பன்னிரண்டே வைத்துக்கொள். மைக் வாங்குகிற பணத்தில் பாதி அத்தை தருகிறாள். உன் மாமாவிடம் சொல்லியாகிவிட்டது, அவர் முனகவில்லை. உன் அம்மாவிடமும் அத்தை பேசுகிறாள். சூனியக்காரி வேஷத்துக்கு வேறு யாரையும் கூப்பிட்டுவிடாதே. அமாவாசையன்று வீரராகவர் கோயிலுக்குக் கூட்டம் வரும், பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, அதற்கு முந்தின ஞாயிறே வந்துவிடு. அத்தை தேன்குழல் பிழிந்து வைக்கிறாள். உன் அப்பாவையும் கூட்டி வா, அவருக்கும் ஒரு வசனம் கொடுக்கலாம்.

அன்புடன்,
அத்தை